குறிமுள்ளைத் தேய்த்த மதியம்

பேய் என்றால் ராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில், சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரத்தில் நடந்தது. யாருக்கு நடந்ததோ, அவள் வாயாலேயே கேட்டேன். கதை கட்டுகிற ஆள் இல்லை அவள். துப்பாக்கி சுடும் கிளப்பில் பழுது பார்ப்பவள். கையில் எப்போதும் அரம் இருக்கும். நாக்கும் அதே மாதிரி அறுக்கும். அதனால் எல்லோருக்கும் அவள் ‘அரம்’தான்.

அன்று அவளைத் தேடி வந்தது அவளுடைய அண்ணி. அண்ணன் மாரடைப்பில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதிலிருந்து இருவருக்கும் ஆகாது. நச்சரித்தே அவனைக் கொன்றுவிட்டாள் என்பது அரத்தின் கட்சி. தங்கச்சிக்காக ஓடி ஓடியே தேய்ந்துபோனார் என்பது அண்ணியின் கட்சி. ஆனால் மறுநாள் காலை கிளப் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அண்ணி சுடப்போவது அண்ணன் விட்டுப்போன பிஸ்டலில். அதைச் சரி பார்க்க வேறு ஆள் கிடையாது.

பிஸ்டலை மேஜைமேல் வைத்தாள் அண்ணி. உட்காரவில்லை.

“குண்டு கீழ போகுது. சரி பண்ணிக் குடு.”

“கை நடுங்குனா கீழதான் போகும்.”

“சுட்டுப் பாத்துட்டுப் பேசு.”

சுடும் இடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. நீளமாக, ஒடுக்கமாக, ஜன்னலே இல்லாமல். டியூப்லைட் ஒன்று ஓயாமல் ‘ங்ங்ங்’ என்று இரைந்துகொண்டிருந்தது. அண்ணி கதவை மூடிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். அரம் பக்கவாட்டில் திரும்பி நின்று, ஒற்றைக் கையை நீட்டி, ஐந்து முறை சுட்டாள். எதிர்க்கோடியில் தொங்கிய குறி அட்டை கம்பியில் ஊர்ந்து பக்கத்தில் வந்தது. ஐந்து ஓட்டைகளும் கறுப்பு வட்டத்துக்கு ஒரு சாண் கீழே, கொத்தாக இருந்தன.

அண்ணி சொன்னது சரிதான். அதுவே அரத்துக்கு எரிச்சலாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. சுடும்போது முழங்காலை ஒட்டி ஏதோ சூடாக ஊதியது. நாய் வந்து மூச்சு விட்டதுபோல. குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

குழலின் நுனியில் நிற்கிற சின்ன இரும்புத் துண்டுக்குக் குறிமுள் என்று பெயர். அது உயரமாக இருந்தால் குண்டு தாழ்ந்து போகும். தேய்த்துக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்க்க வேண்டும். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. பிஸ்டலைக் காலி செய்து, சுவரோர மேஜையில் இருந்த வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, அளவாக நாலு இழுப்பு இழுத்தாள்.

புது அட்டை. மறுபடி ஐந்து.

கொத்து மேலே ஏறியிருந்தது. வட்டத்துக்கு நாலு விரல் கீழே. ஆனால் இந்த முறை இடுப்புப் பக்கம் சட்டையை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். திரும்பினாள். யாரும் இல்லை. அண்ணி கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தாள்.

சட்டை ஓரத்தில் ஒரு ஓட்டை. விளிம்பு கருகியிருந்தது.

பொறி பட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி அரம். மறுபடி ஐந்து.

டம்... விஷ்ஷ்.

டம்... விஷ்ஷ்.

அந்த ‘விஷ்ஷ்’ மார்பை உரசிக்கொண்டு பின்னால் போனது. ஐந்து தடவையும்.

அட்டை வந்தது. கொத்து வட்டத்தின் கீழ் விளிம்பைத் தொட்டிருந்தது. இன்னும் ஒரு மயிரிழை தேய்த்தால் நடு மையம். ஓட்டைகளை விரலால் தடவினாள்.

விரல் நின்றது.

குண்டு துளைத்தால் காகிதம் பின்பக்கமாகப் பிய்ந்து நிற்கும். இங்கே பிசிறுகள் முன்பக்கம் நின்றன. அவளைப் பார்த்து.

பழைய அட்டைகளை எடுத்துத் தடவினாள். அவையும் அப்படியே.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ... இந்தப் பக்கம் பார்த்து...

கதவு திறந்தது.

“என்ன, ஆயிடுச்சா?” அண்ணி.

“இத இங்க சுட வேணாம் அண்ணி.”

“ஏன்?”

என்னவென்று சொல்வது?

“நான் டீம்ல வந்துடக் கூடாது. அதானே உன் ஆசை?”

அண்ணியே அரத்தை எடுத்தாள். ஒரே இழுப்பு. குண்டு போட்டாள். நேராக நின்று இரண்டு கையாலும் பிஸ்டலைப் பிடித்து உயர்த்தினாள்.

டியூப்லைட்டின் இரைச்சல் நின்றது. வெளிச்சம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அந்தக் கோடியில், அட்டைக்குப் பின்னால், இருட்டில்...

க்ளிக்.

அண்ணியின் விரல் இன்னும் விசையைத் தொடவே இல்லை.

அரம் பாய்ந்தாள். தோளைப் பிடித்துத் தள்ளினாள். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

பிஸ்டல் வெடிக்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை.

பிறகு... ‘ங்ங்ங்’.

அரம் பிஸ்டலைப் பிடுங்கிக் காலி செய்தாள். சுத்தியலை எடுத்துக் குறிமுள்ளை உடைத்தெறிந்தாள். அண்ணி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரயும் இப்படித்தான் என்கிட்டேருந்து தள்ளி வச்ச.”

அவ்வளவுதான். அதன்பிறகு இன்றுவரை பேச்சு இல்லை. பொறாமையில் அடித்துத் தள்ளினாள் என்று அண்ணி கிளப்பில் புகார் கொடுத்தாள். வேலை போகாமல் தப்பியது பெரும்பாடு.

கொஞ்ச நாள் கழித்துச் சுடும் இடத்தைப் புதுப்பித்தார்கள். சுடுபவர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்த சுவரில், சத்தத்தை அடக்க ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைத் தச்சர் உரித்தார். உள்ளே மரப்பலகை. அரத்தைக் கூப்பிட்டார்.

“என்னம்மா, இங்க பின்னாடி திரும்பியும் சுடுவீங்களா?”

முழங்கால் உயரத்தில் ஐந்து ஓட்டைகள். இடுப்பு உயரத்தில் ஐந்து. மார்பு உயரத்தில் ஐந்து.

அதற்கும் மேலே ஒன்று. ஒன்றே ஒன்று.

அரம் போய்ப் பலகையோடு ஒட்டி நின்று பார்த்தாள். அவள் உச்சந்தலைக்குச் சற்று மேலே இருந்தது அது.

அண்ணி அவளைவிட ஒரு சாண் உயரம்.