அப்பாவைப் பார்த்த கேமரா

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அக்கா ஹாலில் ஒரு கேமரா மாட்டினாள். அவள் தினமும் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தாள். எனக்கு எல்லைக்கு இந்தப் பக்கமே, தம்போயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகல் முழுக்க அப்பா தனியாகக் கிடந்தார். கைப்பேசியைத் திறந்து, அவர் கை அசைவதைப் பார்த்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் மத்தியானச் சோறு இறங்கும்.

தொழிற்சாலையை விட்டு வெளியேற வழி தேடி, நான் கணினிப் பாதுகாப்பு கற்றுக்கொண்டிருந்தேன். கல்லூரியெல்லாம் இல்லை. வீட்டு வைஃபை வழியாக எது வருகிறது, எது போகிறது என்று பதிவு செய்யும் சின்ன நிரல் ஒன்றைப் பழைய லேப்டாப்பில் நானே எழுதினேன். அடிக்கடி பாதியில் நின்றுவிடும். ஒழுங்காக ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குத் தெரியாத இணைய முகவரிகளுக்கு கேமராவிலிருந்து படம் போய்க்கொண்டிருப்பதைக் காட்டியது.

நம்ப முடியவில்லை. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, வெளியாள் போல கேமராவின் முகவரியைத் தட்டினேன். கடவுச்சொல் கேட்கவேயில்லை. திரையில் அப்பா. அக்கா அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன்.

"என்னடி பண்றே?"

"நாம போட்ட பாஸ்வேர்ட் வேலையே செய்யலக்கா. யாரு வேணும்னாலும் பாக்கலாம். பாத்துக்கிட்டும் இருக்காங்க."

"அலமாக்!" என்று பதறி அக்கா போர்வையை இழுத்து அப்பாவைக் கழுத்துவரை மூடினாள்.

அப்பா குழறலாகக் கேட்டார். "நெசமாவே பாத்தாங்களா?"

"ஆமாப்பா."

"பகல்லயுமா?"

"தெரியலப்பா. இருக்கலாம்."

அப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார். "பரவால்லலா. யாராச்சும் இருந்திருக்காங்க."

அக்கா ஈரத்துண்டோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கேமரா செய்த நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அக்கா சம்பளமில்லா விடுப்பு எடுத்து அப்பாவோடு இருந்தாள். எங்கள் இருவரைத் தவிர யாரும் அப்பாவைப் பார்க்க முடியாதபடி, கேமராவுக்கு ஒரு நிரலை நானே செய்ய உட்கார்ந்தேன். எழுதி, என் பூட்டை நானே உடைத்துப் பார்த்து, மறுபடி எழுதினேன். அது சரியாக வேலை செய்யத் தொடங்கியபோது அப்பா மருத்துவமனையில் இருந்தார். அங்கிருந்து அவர் வீடு திரும்பவில்லை.

அதைக் காட்டித்தான் பிறகு எனக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நேர்காணலில், இதை எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

"சும்மா, பழகிக்கத்தான்" என்றேன்.