பிரவுசிங் சென்டர் அக்கா

மவுஸைக் கவிழ்த்து, உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அக்கா கேட்பார்: "மூணாம் நம்பர், சத்தமே காணோம்? தூங்கிட்டியா?" அங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது. உட்காரும் கணினியின் எண்தான் பெயர். நான் அஞ்சாம் நம்பர்.

பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே, தையல் கடையின் மாடியில் இருந்தது அக்காவின் பிரவுசிங் சென்டர். ஆறு கணினிகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பலகைத் தட்டி, முன்னால் ஒரு திரைச்சீலை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனால், மோடம் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும். ஒரு படம் முழுதாகத் திறப்பதற்குள் பாதி சாக்லேட்டைத் தின்று முடித்துவிடலாம். அந்தக் காத்திருப்புக்கு இருந்த ருசி இன்றைய வேகத்துக்கு இல்லை.

அக்கா தட்டச்சு பயின்றவர். விசைச் சத்தத்தை வைத்தே, யார் பாடம் எழுதுகிறார்கள், யார் அரட்டையடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். "நான் எதுக்கு எட்டிப் பார்க்கணும்? ஆண்டவன் காது குடுத்திருக்கானே!"

பன்னிரண்டு வயதில் எனக்கு அரட்டை அறையில் ஒரு தோழி கிடைத்தாள். அவளுக்கும் பன்னிரண்டு. அவளுக்கும் கணக்கு வராது. மூன்றே வாரத்தில் என் பள்ளி, தெரு, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். ஒரு மாலை அவள் எழுதினாள்: 'சனிக்கிழமை தனியாக வா. வீட்டில் மூச்சுவிட்டால், நீ எழுதியதை எல்லாம் உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்.'

என் விரல்கள் அப்படியே நின்றன; விசைச் சத்தமும் நின்றது. சற்று நேரத்தில் திரைச்சீலைக்கு வெளியே அக்காவின் குரல் கேட்டது. "அஞ்சாம் நம்பர், உள்ள வரலாமா?"

அழுதுவிட்டேன். அக்கா முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். "நீ ஒரு தப்பும் பண்ணல. அழுது முடி, அவசரமில்ல" என்றார். பிறகு எல்லாவற்றையும் அச்செடுத்து, கடையைப் பூட்டிவிட்டு, என் கையைப் பிடித்தபடி வீடுவரை வந்தார்.

அப்பா தாம்தூம் என்று குதித்தார். "இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது!"

"அடைச்சு வச்சீங்கன்னா அடுத்த தடவை யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டா சார். கோவத்த அந்த ஆள் மேல காட்டுவோம், வாங்க."

அப்பாவும் அக்காவும் அந்தத் தாள்களோடு காவல் நிலையம் போனார்கள். பத்தாம் நாள் என் 'தோழி' பிடிபட்டாள். நாற்பத்தாறு வயது ஆண். என்னைப் போல இன்னும் இரண்டு சிறுமிகளுக்கும் வலை விரித்திருந்தான்.

அடுத்த முறை நான் போனபோது அக்கா திருப்புளியோடு முட்டி போட்டுத் தட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தச்சர நிக்க வச்சு, இப்படிப் போடு அப்படிப் போடுன்னு நான்தானே போடச் சொன்னேன்" என்றபடி அடுத்த திருகைக் கழற்றினார். ஆறு கணினித் திரைகளும் கூடத்தைப் பார்த்துத் திரும்பின. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். "போகட்டும். மறைஞ்சுதான் பார்க்கணும்னா அது என் கடையில வேணாம்."

இப்போது அதே மாடியில் ஜெராக்ஸ் இயந்திரமும் ஒரே ஒரு கணினியும். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. பிள்ளைகளின் போனுக்கு 'லாக்' போடச் சொல்லிப் பெற்றோர் வருகிறார்கள். போட்டுக் கொடுப்பார். "இது அஞ்சு நிமிஷ வேலை. பிள்ளை என்ன பார்க்குதுன்னு பக்கத்துல உட்கார்ந்து கேட்கிறதுதான் பெரிய வேலை. அத நான் செய்ய முடியாதும்மா."

போன வாரம் நான் அங்கே இருந்தபோது, ஒரு தாய் தன் மகளைத் தரதரவென்று இழுத்துவந்து, அவளுடைய போனை மேசைமேல் வைத்தார். "என்னத்தயோ மறைக்கிறா. பூராவும் நோண்டிப் பாருங்க!" அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அக்கா போனை எடுத்தார். திரையைப் பார்க்காமலே அதை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.