முதல் படைக்கு எட்டுப் பேர்

புதிதாக விளையாட வருகிறவருக்கு முதல் படை கட்டிக் கொடுப்பதும் புதுப் பல் கட்டிக் கொடுப்பதும் ஒன்றுதான். வாயில் போய் உட்காரும்வரை சரியா தப்பா என்று கட்டியவருக்கே தெரியாது.

இரண்டும் நான் பார்க்கிற வேலை என்பதால் சொல்கிறேன். தூத்துக்குடியில் பல் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால், மெழுகில் செதுக்கி, ஸ்கேன் பண்ணி, பிரிண்டரில் எடுத்துக் கொடுப்பேன். ஒரு தடவை துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையல்காரர் ஒருவர் உடைந்த பல்லோடு வந்தார். பல் தயாராகிற இரண்டு நாளும் என் முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தவர், பொழுது போகாமல் ஒரு தகர டப்பாவைத் திறந்து கட்டைவிரல் உயரப் பொம்மைகளை மேஜையில் நிறுத்தினார். வாள் பிடித்த ராஜா, மந்திரக்காரி, அரக்கன், எலும்புக்கூட்டு வீரன். டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். யாருடைய ராஜா விழுகிறாரோ அவர் தோற்றார். சமையல்காரர் கப்பலேறிப் போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டேன்.

பொம்மை செதுக்குவது எனக்குச் சிரமமில்லை. பக்கத்து பியூட்டி பார்லர் பெனிட்டா நகத்துக்குப் பூ வரைகிற தூரிகையால் அவற்றுக்கு வண்ணம் தீட்டினாள். ஆனால் எங்கள் இருவருக்குள்ளேயே எத்தனை நாள் போர் நடத்துவது? ஆள் சேர்க்க வேண்டும். ஆளுக்கு எட்டுப் பொம்மை, ஒரு பக்கத்தில் விதிகள், எல்லாம் ஒரு டிபன் பாக்ஸில். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். இப்படித் தொடங்கியதுதான் இன்று என் வேலையில் பாதி. தனக்குப் பிடித்த ஒன்றை அடுத்தவருக்கும் பிடிக்க வைக்கப் போய் அசடு வழிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

தோற்கவே தோற்காத படை

முதல் ஆளாக என் பள்ளித் தோழி கிறிஸ்டியைப் பிடித்தேன். ஷிப்பிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறவள். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் மறுபடி வரமாட்டாள் என்று பயந்து, என்னிடம் இருந்ததில் ஆகச் சிறந்ததையெல்லாம் அவள் படையில் போட்டேன். நெருப்புக் கக்கும் நாகம், இரண்டு மந்திரக்காரிகள், அடித்தால் விழாத அரக்கன். நானே பக்கத்தில் நின்று, "இத இங்கன வை, அத அங்கன தள்ளு" என்று சொல்லிக் கொடுத்தேன். இருபதே நிமிடத்தில் பெனிட்டாவின் ராஜா குப்புற விழுந்தார். நான்தான் கை தட்டினேன்.

அடுத்த ஞாயிறு கிறிஸ்டி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பார்த்தபோது, ஜெயித்தவள் ஏன் வரவில்லை என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவள் சொன்னாள்: "நீ சொன்ன எடத்துல நீ சொன்னத வச்சேன், ஜெயிச்சிட்டேன். அதுல எனக்கு என்ன வேல இருந்துச்சுன்னுதான் தெரியல ரோஸ்லின்."

மேலிருந்து பார்க்கிறவர்

முருகேசன் முத்தையாபுரத்துக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பெனிட்டாவிடம் மணப்பெண் அலங்காரத்துக்கு முன்பணம் கொடுக்க வந்த இடத்தில் எங்கள் ஆட்டப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். கிறிஸ்டி சொன்னதிலிருந்து பாடம் கற்று, சாதாரணமான எட்டுப் பேரைக் கொடுத்தேன். நான்கு ஈட்டிக்காரர், மூன்று வில்லாளி, ஒரு தலைவன். வாயைத் திறப்பதில்லை என்று பெனிட்டாவிடம் சத்தியமும் செய்திருந்தேன்.

பத்து நிமிடம் பலகையையே பார்த்தார். எதையும் தொடவில்லை. தடுமாறுகிறார் என்று நினைத்தேன். பிறகு, "ஒரு ஸ்டூல் கெடைக்குமா?" என்றார். உட்காரத்தான் கேட்கிறார் என்று இழுத்துப் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டார். அங்கிருந்து, "அந்த வில்லுக்காரன் ஒம்பது இஞ்ச் போவான், போனா அரக்கன் பன்னெண்டு இஞ்சுல இருப்பான்" என்கிறார். எங்கள் ஆட்டத்தில் அடிப்பதாகச் சொன்ன பிறகுதான் டேப்பை எடுக்கலாம். எட்டுமா எட்டாதா என்று கண்ணால்தான் கணிக்க வேண்டும். பெனிட்டா டேப் வைத்தாள். பன்னிரண்டு. அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி. அன்று முழுக்க அவர் கணக்கு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கீழே இறங்கி ஒரு தடவை ஆடிப் பாருங்களேன் என்று ஆசையாகக் கேட்டேன். இறங்கினார், பார்த்தார், மறுபடி ஏறிவிட்டார். "கீழ நின்னு பாத்தா எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சில்லா நிக்கி. மேல போனாத்தான் எனக்குக் கையே ஓடும்."

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது

இசக்கியம்மாள் ஏரல் பக்கம் நெல் விவசாயம் செய்கிறவர். கணவரின் பல்செட்டை வாங்கிப் போக வந்திருந்தார். பிசின் காய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். சும்மா உட்காருவானேன் என்று முருகேசனுக்கு எதிரே உட்கார வைத்து எட்டுப் பொம்மையைக் கையில் கொடுத்தோம். பலகையின் நடுவே நீலப் பெயிண்டில் ஒரு ஆறு. அதைக் காட்டி, "தண்ணி எங்கேருந்து எங்க போவுது?" என்று கேட்டார்.

இரண்டு வருடமாக அந்த ஆற்றை நான் தாண்டியிருக்கிறேன். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அது தெரியாமல் ஒரு ஆளைக்கூட நிறுத்த மாட்டேன் என்று அவர் பொம்மைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். கடைசியில் பெனிட்டா நகப் பாலிஷால் ஓர் அம்புக்குறி போட்டாள். உடனே எட்டில் ஆறு பேரை ஆற்றின் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். நாலாவது சுற்றில் நிதானமாக, "மடைய அடச்சிட்டேன்" என்றார். அப்படி ஒரு விதி இல்லையே என்று முருகேசன் ஸ்டூல் மேலிருந்து என்னைப் பார்த்தார். நான் பெனிட்டாவைப் பார்த்தேன். அரை மணி நேரம் மூன்று பேரும் வாதாடி, மூன்று ஆள் இரண்டு சுற்று மடையில் நின்றால் கீழ்ப்பக்கத்துப் படை பாதி தூரம்தான் நகரலாம் என்று புது விதி எழுதினோம். அதே விதியில் முருகேசன் தோற்றார்.

பல்செட்டை வாங்கிப் பைக்குள் வைத்தபடி இசக்கியம்மாள் எங்கள் விதித்தாளைத் தள்ளிப் பிடித்து ஒரு தடவை படித்தார். "நீ எழுதி வச்சிருக்கது ராஜா எப்பிடிச் சாவாம்னு. நான் கேட்டது ராஜா என்னத்தத் திம்பாம்னு."

கடைவாய்ப் பல்

சாயர்புரத்திலிருந்து விலங்கியல் பேராசிரியர் ஒருவர் வந்தார். பறக்கும் நாகத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதன் வாய்க்குள் பார்த்தார். நான் பெருமையோடு காத்திருந்தேன். அந்த வாய்க்கு மட்டும் மூன்று நாள் செலவழித்திருக்கிறேன். பழக்க தோஷத்தில் என் கை என்ன செதுக்கியிருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "மேடம், இது மாமிசம் திங்கிற வாய் இல்ல. இது புட்டு திங்கிற வாய்."

இரண்டு ஊர், ஒரு போர்

காயல்பட்டினத்து நூர்ஜஹான் எடுத்த எடுப்பிலேயே ஒரே மாதிரி இரண்டு செட் வேண்டும் என்றார். இன்னொன்றும் கேட்டார். வீட்டில் உருவப் பொம்மை வைப்பது மாமியாருக்கு உகந்ததில்லை. முகம் இல்லாமல் செய்ய முடியுமா? மூக்கும் கண்ணும் செதுக்குவதுதான் என் திறமை என்று நினைத்திருந்தவள் நான். முகத்தை எடுத்துவிட்டால் ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்ற யோசனையிலேயே ஒரு வாரம் போனது. நிற்கிற நிற்பில்தான் வித்தியாசம் என்று பிறகு புரிந்தது. ஒருவன் முன்னே சாய்ந்து நின்றான், ஒருத்தி தோளைத் திருப்பிக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் முகத்தை மூடிய தலைக்கவசம். எங்களிடம் பிறகு வந்தவர்கள் பலரும் அந்தப் படையைத்தான் கேட்டார்கள்.

இரண்டு செட் எதற்கு என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒன்று இங்கே, மற்றது வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவருக்கு. அங்கே ஒரு பலகை, இங்கே ஒரு பலகை, நடுவில் வீடியோ கால். அவர் நகர்த்தியதை இவர் தன் பலகையில் நகர்த்துவார். இவர் நகர்த்தியதை அவர். முதல் மாதம் எப்படிப் போனது என்று கேட்டேன். நூர்ஜஹான் முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டார். "முன்னெல்லாம் சாப்டியா, புள்ள தூங்கிட்டாளான்னு ரெண்டு நிமிஷத்துல வச்சிருவாக. இப்பம் என் ராணிய எப்பிடிக் கொல்லன்னு ஒரு மணி நேரம் என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்காக."

மிக்கேல் அண்ணன்

இது எனக்குச் சங்கடமான கதை. அதனால்தான் கடைசிக்குத் தள்ளினேன்.

மிக்கேல் அண்ணன் சங்கு குளிக்கிறவர். ஒரு நாள் ஆழத்தில் காது போய்விட்டது. இனி தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் எழவில்லை. அவர் மனைவி லூர்து அக்காதான் இங்கே கூட்டி வந்தார். இரண்டு ஞாயிறு வந்தார், பார்த்தார், கிளம்பிப் போனார். அவருக்கென்று ஒரு படை செய்தால் கை நீட்டுவார் என்று நினைத்தேன். என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானாகவே கடல் படை ஒன்றைச் செதுக்கினேன். சூலம் பிடித்து நீருக்குள் பாய்கிறவர்கள், இடுப்பில் சங்குப் பை, முடி அலைபோல. நான் செய்ததில் அவ்வளவு அழகான படை வேறில்லை.

டப்பாவைத் திறந்தார். ஒரு பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதே குழியில் அதே மாதிரி வைத்து மூடிவிட்டு, வெளியே போய்விட்டார். லூர்து அக்கா என்னைத் திட்டவில்லை. "கடலு ஞாவகம் வரக்கூடாதுன்னுதான்ளா இங்கன கூட்டிட்டு வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினார். அந்த வாரம் ஒரு பல்லையும் என்னால் ஒழுங்காகச் செதுக்க முடியவில்லை.

மறுவாரம் அவர் வீட்டுக்கே போனேன். மன்னிப்புக் கேட்டேன். காது கேட்காது என்பதால் தாளில் எழுதிக் காட்டினேன். பிறகு, என்ன படை வேண்டும் என்றும் எழுதினேன். தாளைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "ஆடு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஐந்து இடையர்கள், மூன்று கொம்புக் கிடாய்கள், தண்ணீரே இல்லாத மலைப் பலகை. அந்த ஞாயிறு வந்தார். முருகேசனுக்கு எதிரே உட்கார்ந்து ஆடினார்.

அவர் ஆடிய விதம்தான் எங்களுக்கு விளங்கவில்லை. ஒருவனை முன்னே அனுப்பினால், அவனுக்கு நேர் பின்னால் இன்னொருவனை நிறுத்தாமல் அடுத்த வேலை பார்ப்பதில்லை. எட்டுப் பேரில் பாதிப் பேர் சண்டையே போடவில்லை. முன்னே போனவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டத்தில் தோற்றார். ஆனால் கடைசியில் ஏழு பேர் எழுந்து நின்றார்கள். எங்கள் பலகையில் தோற்ற படை எதிலும் அத்தனை பேர் மிஞ்சியதில்லை. விழுந்த அந்த ஒருவன், ராஜா இடத்தில் நின்ற தலைமை இடையன், அவசரத்தில் அவர் தனியாக அனுப்பியவன். அவனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். முருகேசன் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து, தாளில் எழுதிக் கேட்டார்: ஏன் அண்ணாச்சி பின்னால ஆள் நிக்கணும்?

மிக்கேல் அண்ணன் பதில் சொன்னார். காது போனவர்கள் பேசுவதைப் போலச் சற்று உரக்கவே சொன்னார். வாசலில் நின்ற லூர்து அக்காவும் அதை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "உள்ள போனவன் கயித்த இழுத்தா, மேல அதப் பிடிக்க ஒருத்தன் இருக்கணும்லா. அன்னைக்கு என் கயித்துல யாரும் இல்ல."

ஆக, எட்டுப் பொம்மையைக் கையில் கொடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் விதிகளைச் சொல்லித் தருவதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த மேஜையில் விதி தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.