கனிவான கவனம் வீட்டில் முப்பத்தேழு விதிகள்

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது யாரும் சொல்வதில்லை. பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அதனால் அவள் பெயர் கனிவான கவனம். காய்கறிக் கடைக்காரர் முதல் கட்டடத்துக் காவலாளி வரை அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. எனக்குத்தான் எரிச்சலாக வரும். உனக்கு எதற்குத்தான் எரிச்சல் வராது என்று கேட்டால், அதற்கும் வரும்.

அந்தக் கண்ணாடி அறையில் மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. விசாரணை ஜன்னல். அதற்கும் அவள்தான் ஆள். மைக்கில் சொல்லி வாயை மூடியிருக்க மாட்டாள், ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி அதையே கேட்பார். இப்பதானே தொண்டை கிழியச் சொன்னேன் என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. முகத்தைப் பார்த்துப் பொறுமையாகத் திரும்பச் சொல்வாள். நானாக இருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பேன்.

அவள் கணவர் போய் ஆறு வருஷமாகிறது. போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வும் வந்தது. ஒரே மகன், வெளியூரில் குடும்பத்தோடு இருக்கிறான். தங்கமான பையன். ஓய்வு பெற்ற மறுநாளே ஆரம்பித்துவிட்டான்.

"வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துடுங்கம்மா. அவ்ளோ பெரிய வீட்ல தனியா என்ன பண்ணப்போறீங்க?"

மருமகளும் நல்லவள்தான். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அங்கே அக்காவுக்குக் காத்திருப்பது ஹாலில் ஒரு சோபா. பகலில் எல்லோரும் உட்காருவார்கள், இரவில் இழுத்தால் கட்டிலாகும். அக்கா என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "என் வீட்டுச் சாவி என் கையில இருக்கணும்டி." சொல்லும்போது அவள் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. பென்ஷனை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வீட்டை ஓட்ட முடியாது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் வீட்டின் முன்பக்கத்தை நாள் வாடகைக்கு விடும் யோசனை அவளுக்கு வந்தது. மூன்றாவது மாடி. படி ஏறி வந்தால் இரண்டு கதவு. ஒன்று முன்பக்கத்துக்கு: ஒரு ஹால், ஒரு படுக்கையறை, கால் நீட்டினால் சுவர் இடிக்கும் சமையலறை, குளியலறை. இன்னொன்று பின்பக்கத்துக்கு; அங்கே அக்கா. நடுவில் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. போனில் ஒரு செயலியில் படம் போட்டால் ஆட்கள் வருவார்கள், இரண்டு நாள் தங்குவார்கள், போவார்கள்.

"முன்னப்பின்ன தெரியாதவங்களை வீட்டுக்குள்ள விடுறியா?" என்றேன்.

"முப்பத்தொரு வருஷம் நான் யாருக்குடி வழி சொன்னேன்? எல்லாம் முன்னப்பின்ன தெரியாதவங்கதான்" என்றாள். விரிப்பும் துண்டும் துவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அடுத்த தெருவில்தானே இருக்கிறேன்.

சிக்கல் கீழ்வீட்டில் இருந்தது. முன்பக்கத்துக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில் ஒரு நர்ஸ். தனி ஆள். எப்போதும் இரவு டியூட்டி. காலை ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பாள். குடியிருப்போர் சங்கத்தில் கூடிப் பேசி, சோதனையாக மூன்று மாதத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: அதற்குள் நர்ஸிடமிருந்து மூன்று புகார்க் கடிதம் வந்தால் அதோடு சரி. மகனும் அதைப் பிடித்துக்கொண்டான். "மூணாவது லெட்டர் வந்துட்டா வீட்டை வித்துடலாம். சரியாம்மா?" அக்கா சரி என்று சொல்லித் தொலைத்தாள்.

சொன்ன கையோடு விதிகளை எழுத உட்கார்ந்தாள். பன்னிரண்டு விதிகள். தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள். தலைப்பு என்ன தெரியுமா? "விருந்தினர்களின் கனிவான கவனத்திற்கு." முதல் விதி, பகல் ஒன்பது முதல் நாலு வரை சத்தம் கூடாது. வந்தவர்களில் ஒரு பெரியவர் ரொம்ப அக்கறையாக அவளைக் கூப்பிட்டு, "ராத்திரின்னு போட வேண்டியதைத் தப்பா பகல்னு போட்டுட்டீங்க போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவராவது படித்தார். கணவன் மனைவி இரண்டு பேர் என்று பதிவு செய்துவிட்டு ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, மாமியார், மச்சினி, இரண்டு வாண்டுகள். காலை பத்து மணிக்கு, ஆளுக்கொரு சக்கரப் பெட்டியை ஒவ்வொரு படியிலும் தொம் தொம் என்று இடித்து ஏற்றி, ஹாலில் கடகடவென்று உருட்டினார்கள். மறுநாள் சங்கத்துக்கு முதல் கடிதம் போனது. அடுத்து ஒரு பையன். பார்க்கப் பரம சாது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கயிறு வாங்கி வந்து ஐந்நூறு தடவை ஸ்கிப்பிங் ஆடினான். இரண்டாவது கடிதம். இதற்கு நடுவில் ஒருவன் குளியலறையில் சிகரெட் பிடித்துவிட்டு, நாற்றம் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்றான். ஒருத்தி தலைக்குச் சாயம் அடித்துவிட்டு என் வெள்ளைத் துண்டில் துடைத்தாள். மூன்று தடவை ஊறவைத்தும் போகவில்லை. அவள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அவளையும் ஊறவைத்திருப்பேன்.

அக்கா என்ன செய்தாள்? கண்டித்தாளா? ஒரு விதி மீறப்பட்டதும் இரண்டு விதி சேர்த்தாள். பன்னிரண்டு முப்பத்தேழானது. எழுத்தைப் பெரிதாக்கினாள். குளியலறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று பலகைகள் பெருகின. அதுவும் போதாதென்று தன் குரலிலேயே விதிகளைப் பதிவு செய்து, ஹாலில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, ஆட்கள் உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாள் கதவுக்குப் பின்னால் நின்று போனில் ஓடவிட்டாள். முதல் நாள் வந்தவர் ஸ்பீக்கரைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். துணிகளுக்கு நடுவிலிருந்து முப்பத்தேழாவது விதி வரைக்கும் சொல்லி முடித்தது அது.

நர்ஸுக்கும் அவள் கடிதம்தான் போட்டாள். தட்டச்சு செய்து, மன்னிப்புக் கேட்டு, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வருவாள். பதில் வராது.

மூன்றாவது மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. காலையில் விரிப்பு எடுத்துக்கொண்டு போனேன். மணி ஒன்பதரை. படியிலேயே அதிர்வு தெரிந்தது. முன்பக்கத்தில் திம் திம் என்று கூட்டமாகக் குதிக்கிற சத்தம். அக்கா தன் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டு பேருன்னு பதிவு பண்ணாங்கடி. ஏழு பேர் வந்திருக்காங்க."

டயர் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவாம். ஆண்டு விழாவுக்கு நடனம் பழக வந்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் கதவின் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தொப்பையும் தொந்தியுமாக ஏழு ஆம்பிளைகள், தடித்த ஷூவைப் போட்டுக்கொண்டு, "ஒன், டூ, த்ரீ, குதி" என்கிறார்கள். தலைக்கு மேலே முப்பத்தேழு விதிகள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளு. நீ தள்றியா, நான் தள்ளட்டுமா?"

"தள்ளலாம்டி. ஏழு பேரும் கத்திக்கிட்டு, ஏழு பெட்டியோட மூணு மாடி இறங்குவாங்க. அந்தச் சத்தத்துக்கே மூணாவது லெட்டர் வந்துடும்."

"அப்ப என்ன பண்ணப்போற, இன்னொரு போர்டு எழுதப்போறியா? முப்பத்தொரு வருஷம் மைக்ல கத்தினியே, ஒருத்தனாவது காதுல வாங்கினானா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் வேலையை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா கோபப்படவில்லை.

"வாங்கல. ஜன்னலுக்கு வந்து கேட்டவங்கதான் வாங்கினாங்க" என்றாள். தாழ்ப்பாளை நீக்கினாள். உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன், ஒரு தைரியத்துக்குக் கையில் விரிப்போடு.

ஏழு பேரும் பாதிக் குதியில் நின்றார்கள். ஒருவர், "மேடம், நாங்க ஏழு பேர்னு சொல்லலாம்னுதான்..." என்று இழுத்தார். அக்கா எல்லோருக்கும் பொதுவாக எதுவும் அறிவிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் போனாள். ஒரு முழம் தள்ளி நின்று, முகத்தைப் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னாள். "கீழ ஒரு நர்ஸ் தூங்குறாங்க. நேத்து ராத்திரி பூரா நோயாளிகளைப் பாத்துட்டு வந்திருக்காங்க. நீங்க குதிக்கிறது அவங்க தலைமாட்டுல." அவர் தலையாட்டும் வரை நின்றாள். பிறகு அடுத்தவரிடம் போய் அதையே சொன்னாள். முதல் தடவை சொல்வது போலவே சொன்னாள். மூன்றாவது ஆள் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஏழாவது ஆளிடம் அவள் வந்தபோது அவர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பது போல நின்றிருந்தார்.

அப்புறம்தான், முதலில் பேச்சை இழுத்தவரிடம் கணக்கைக் கேட்டாள். "ரெண்டு பேர்னு போட்டது நீங்கதானே? ரெண்டு பேர் இருங்க. அஞ்சு பேர் சாயங்காலம் ஆறேகால் பஸ்ஸைப் பிடிங்க. அதுல கூட்டம் இருக்காது. அதுவரைக்கும் ஆடணும்னா பேருந்து நிலையத்துல ஒன்பதாம் நடைமேடை இப்ப காலியா கிடக்கும். டைம்கீப்பர்கிட்ட நான் அனுப்பினேன்னு சொல்லுங்க." குரலில் கனிவும் இருந்தது, ஒரு அங்குலம்கூட நகர மாட்டேன் என்பதும் இருந்தது. இவளிடம் இது இருந்ததா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தால் வாசலில் நர்ஸ். இரவு உடுப்பு, சிவந்த கண், கையில் மடித்த காகிதம். அவள் வாயைத் திறப்பதற்குள் ஏழு பேர் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, காலுறையோடு, ஒருவர் பின் ஒருவராக அவளைக் கடந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரும் அவளிடம் கிசுகிசுவென்று, "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்" என்றார்கள். கணக்குப் பிரிவு அல்லவா, ஒருவர்கூட விடுபடவில்லை.

நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "இது மூணாவது லெட்டர் மேடம். சங்கத்துல குடுக்கப்போறேன்."

அந்தச் சோபா என் கண் முன்னால் வந்து நின்றது.

"குடுங்க சிஸ்டர். தப்பு எங்க பக்கம்தான்" என்றாள் அக்கா. "எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?"

"எங்க தூங்கினேன்? டபுள் டியூட்டி முடிச்சு இப்பதான் வந்தேன்." கோபமாக ஆரம்பித்தவள் குரல் உடைந்தது. "மூணு மாசமா கதவுக்கு அடியில பேப்பர் தள்றீங்க. ஒரு நாளாவது கதவைத் தட்டி, எப்படி இருக்கேன்னு கேட்டீங்களா?"

"நீங்க தூங்குவீங்களேன்னு தட்டல."

"நாலு மணிக்கு மேல முழிச்சுத்தானே இருக்கேன். யார்கிட்ட பேசுறதுன்னு தெரியாம."

அக்கா அவள் கையைப் பிடித்தாள். பின்பக்கத்துக்குக் கூட்டி வந்து, தன் கட்டிலில் நான் கொண்டுவந்திருந்த புது விரிப்பைப் போடச் சொன்னாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். "இங்க படுங்க. மேல மொட்டை மாடிதான், யாரும் நடக்க மாட்டாங்க." நர்ஸ் ஏதோ மறுத்துச் சொல்ல வந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். கடிதம் அவள் கையில் கசங்கிக் கிடந்தது.

நாலரைக்கு எழுந்தாள். டீ குடித்தாள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "நாளைக்கு எனக்கு லீவு. அடுத்த நாள் குடுக்கலாமான்னு பாக்குறேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். அந்த "க்கா" என் காதில் விழுந்தது. அடுத்த நாள் அவள் கொண்டுவந்தது மாத டியூட்டி அட்டவணை. அதைப் பார்த்துத்தான் இப்போது அக்கா ஆள் எடுக்கிறாள்: நர்ஸுக்கு லீவு உள்ள நாட்களில் வாண்டுகள் உள்ள குடும்பங்கள். மற்ற நாட்களில் ஒண்டிக்கட்டைகள். அதையும் மீறிச் சத்தம் வந்தால், நர்ஸ் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே அக்காவின் கட்டிலுக்கு வந்துவிடுவாள். அக்கா பலகைகளைக் கழற்றிவிட்டாள். ஆள் வந்தால் வாசலில் நின்று, முகத்தைப் பார்த்து, ஒன்றே ஒன்று சொல்கிறாள். மீறுகிறவர்கள் இப்போதும் உண்டு. என் துண்டுகளைக் கேளுங்கள், சொல்லும்.

மூன்று மாதம் முடிந்த அன்று மதியம் மகன் போன் செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கடிதம் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவன் மனசு கேட்கவில்லை. நல்ல பிள்ளை, என்ன செய்வது.

"அம்மா, அதெல்லாம் சரி. இருந்தாலும் அந்த வீட்ல நீங்க ஒண்டியா..." என்று அவன் பேசியது எனக்கே கேட்டது.

அக்கா எழுந்து தன் படுக்கையறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள். மைக்கில் பேசிய அந்தக் குரலை அவ்வளவு தாழ்த்தி நான் கேட்டதே இல்லை.

"மெதுவா பேசுப்பா. உள்ள ஆள் தூங்குது."