தயாளன் இல்லாத ஒரு காலை

ஜார்ஜ்டவுனில் தயாளனைக் குறை சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். சிறுநீரகம் கெட்ட ஏழைகளை டயாலிசிஸ் மையத்துக்கு இலவச வேனில் அழைத்துப்போகும் சங்கத்துக்குத் தொடங்கிய நாள் முதல் அவர்தான் தலைவர். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி என்ற எழுத்தர் வேலைக்குக் கப்பலேறி வந்த குடும்பம். அடுத்தவன் கையில் கொடுத்த வேலை உருப்படாது என்பது அந்த வீட்டில் சோற்றோடு ஊட்டிய பாடம். சங்கத்தில் செயலாளரும் பொருளாளரும் இல்லாமல் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கவும் தீபாவளி விருந்தில் தலைவருக்கு மாலை போடவும் இருந்தார்கள்.

நோயாளிகள் எல்லாரும் தயாளனின் கைப்பேசிக்குத்தான் அழைப்பார்கள். அவர் சொன்னால்தான் ஓட்டுநர் சுகுமாரன் வண்டியை எடுப்பார். ஒருமுறை சுகுமாரன் நோயாளிகளோடு நேராகப் பேசி நேரத்தை மாற்றிக்கொண்டதற்கு, கமிட்டி முன்னால் நிறுத்தி வைத்து அவர் மானத்தை வாங்கிவிட்டார் தயாளன். அதற்குப் பிறகு சுகுமாரன் யாருடைய எண்ணையும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை, தொண்டு சங்கங்கள் தம் காலில் நிற்பதற்கான பயிற்சி ஒன்று நடந்தது. தலைவர் வந்தால்தான் உதவித்தொகை என்றதால் வேண்டா வெறுப்பாகப் போனார். வாசலிலேயே கைப்பேசிகளைக் கூடையில் போடச் சொன்னார்கள். தேநீர் இடைவேளையில் எடுத்துச் சுகுமாரனை அழைத்துவிடலாம் என்று போட்டார்.

பயிற்சி நடத்திய தனுஜா கேட்டார். “சார், ஒரு நாள் நீங்க வர முடியலன்னா யாரு பாப்பாங்க?”

“அப்படி ஒரு நாளு வந்ததே இல்லலா.”

கூடமே சிரித்தது. இடைவேளையில் மற்ற சங்கத்தார் அவரைச் சூழ்ந்துகொண்டு, தனியாளாக எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொல்லிக்கொண்டே போனார். கூடையை அடியோடு மறந்தார்.

மதியம் எடுத்துப் பார்த்தால், அன்று காலை டயாலிசிஸ் முறை இருந்த ஒரே நோயாளியான லெட்சுமியின் அழைப்புகள் வரிசை கட்டி நின்றன. பதறிப்போய்ச் சுகுமாரனைக் கூப்பிட்டார்.

“நீங்க கோல் பண்ணலியேண்ணே. இன்னிக்கு ஆள் இல்லன்னு நெனச்சேன்.”

“நீயாச்சும் அவங்கள...” என்று ஆரம்பித்தவருக்குக் கமிட்டி முன்னால் நடந்தது ஞாபகம் வர, “வேனை எடுத்துட்டு வா” என்றார்.

இருவரும் வேனில் போய்ப் பார்த்தபோது லெட்சுமி பிளாட்டின் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவருடைய இடத்தை மையத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

“வாடகை வண்டி புடிச்சிருக்கலாமேக்கா” என்றார் தயாளன்.

“நீங்க சொன்னா சொன்னதுதானேண்ணே. இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு உக்காந்துட்டேன்.”

மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். நல்ல நேரமா என்று தயாளனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

லெட்சுமி ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். “மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. உங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?”

வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு சொல்லிலேயே அவருக்கு வயிறு நிறைந்திருக்கும். இன்று உடம்பு கூசியது. வேறு யாரும் இல்லைதான். இல்லாமல் பார்த்துக்கொண்டது யார்?

கட்டிலின் மறுபக்கம் சுகுமாரன் அந்த அம்மாளின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைத் தயாளனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.