காக்கி உறை போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது நைனாவைப் பார்ப்பதற்காக. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டராகப் போய்ச் சேர்ந்த பிறகு போனில் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வெறும் குரலை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எவ்வளவு காலம்தான் ஞாபகத்தில் வைத்திருப்பது? எனக்கு அவருடைய மூக்கு மறந்துபோக ஆரம்பித்திருந்தது. கண்ணை மூடினால் மீசை வரும், காதோர நரை வரும், நடுவில் மூக்கு இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். இதை அம்மாவிடம் சொன்னபோது நன்றாகத் திட்டு விழுந்தது. திட்டி முடித்த கையோடு தன் தம்பிக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்றாள்.

மாமாவுக்கு மணலியில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் வேலை. வரும் பெட்டி, போகும் பெட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதனால் எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் அவர்தான். கடையில் செய்துவைத்ததை வாங்குபவன் ஏமாளி என்பது அவருடைய கொள்கை. ரிச்சி தெருவில் அலைந்து ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்தார். ராயபுரத்தில் எங்கள் மாடி வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, கல்யாணச் சீர் மாதிரி எல்லாவற்றையும் பரப்பி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்ட உட்கார்ந்தார். தெருவில் பாதிப் பேர் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொத்தானை அமுக்கியதும் உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. மாமா ஸ்குரூ டிரைவரைக் காதில் சொருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

“பாத்துக்கோக்கா, கம்பெனிக்காரன்கூட இப்டி பூட்ட மாட்டான்” என்று கீழ் வீட்டு அக்காவிடம் பீற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் திரையில் நைனா வந்தார். மூக்கு இருந்தது. நான் நினைத்ததைவிடப் பெரியதாகவே இருந்தது. அண்ணன் கத்தினான், நான் குதித்தேன், அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். யார் முதலில் பேசுவது என்று தகராறு வந்ததால் அம்மா ஒரு வரிசை வைத்தாள். முதலில் அவள், பிறகு அண்ணன், கடைசியில் நான். எனக்கு அப்போது முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. அந்த ஓட்டையில் நாக்கை நீட்டிக் காட்டுவது என் பெரிய திட்டம். அண்ணன் தன் கால்பந்துக் கதையைச் சொல்லி முடிக்கப் போகிற நேரத்தில் திரை கறுத்தது. விசிறிச் சத்தமும் நின்றது. எங்கள் மூன்று பேருடைய முகமும் கறுத்த கண்ணாடியில் தெரிந்தது.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே ஆனது. அதற்கடுத்ததும் அப்படியே. அம்மாவுடைய முறை முடியும், அண்ணனுடைய முறை பாதியாகும், பெட்டி நின்றுபோகும். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் வரும், உட்கார்ந்து பேசுவதற்குள் மறுபடி போகும். என் முறை மட்டும் வரவே வராது. நான் தரையில் புரண்டு அழுதேன். ஓட்டை இருக்கும்போதே காட்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். ஈறில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட ஆரம்பித்திருந்தது.

மாமா தலையைப் பிய்த்துக்கொண்டார். வேலை முடிந்து வரும் சாயங்காலங்களில், வருகிறேன் என்று போன் பண்ணிவிட்டு வருவார். அவர் முன்னால் அந்தப் பெட்டி பரம சாது. பாட்டு ஓடும், கார் ரேஸ் ஓடும், பூரி கிழங்கு சாப்பிட்டு முடிக்கும் வரை ஓடும். அவர் படியிறங்கிப் போய் ஞாயிறு வந்தால் பழையபடி. முதலில் தெரு லைனில் கரன்ட் சரியில்லை என்று சொல்லி ஒரு ஸ்டெபிலைசர் கொண்டுவந்தார். பிறகு உள்ளே கரன்ட் பிரித்துக் கொடுக்கிற டப்பாவை மாற்றினார். மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்துப் பூட்டினார். இத்தனை பேர் பார்க்கப் பூட்டினால் கண் படாமல் என்ன செய்யும் என்று கீழ் வீட்டு அக்கா சொன்னதன் பேரில் எலுமிச்சம்பழத்தால் திருஷ்டிகூடக் கழித்தாயிற்று. அப்போது மாமா ஸ்குரூ டிரைவரோடு பக்கத்தில் பவ்யமாக நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. யார்டு ஆள் பூட்டிய பெட்டி மக்கர் பண்ணுகிறது என்று டீக்கடை வரை பேச்சாகி, மாமாவின் மானம் கப்பலேறியது.

துறைமுகத்தில் அந்நாளில் நிலக்கரி இறக்குவார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் வீடு முழுக்கக் கரித்தூசி. காலையில் துடைத்த தரையில் மத்தியானம் நடந்தால் உள்ளங்கால் கறுத்துவிடும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை வெளியே காயப்போட்ட சரித்திரமே கிடையாது. அதனால் எங்கள் தெருவில் எல்லாப் பொருளுக்கும் சட்டை உண்டு. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, சுவர்க் கடிகாரத்துக்குப் பிளாஸ்டிக் பை. நைனா போன பிறகு அம்மா இந்த விஷயத்தில் இன்னும் மும்முரமானாள். கம்ப்யூட்டர் வந்த வாரமே, நைனா துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் போட்டுக்கொண்டிருந்த பழைய காக்கி உடுப்பைப் பிரித்து, இரண்டு மடிப்பாக வைத்து, தலையணை உறை மாதிரி ஒன்று தைத்துப் பெட்டிக்குப் போட்டாள். பொத்தானுக்கு முன்பக்கம் ஒரு துளை, ஒயர்களுக்குப் பின்பக்கம் அடிவரை ஒரு வெட்டு. நைனாவின் சட்டைப்பையை மட்டும் கிழிக்காமல் பக்கவாட்டில் விட்டிருந்தாள். நான் சில சமயம் அதில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாமா வருகிறார் என்று போன் வந்தால் அம்மா அந்த உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிடுவாள். பெட்டியைப் பிரித்துப் பார்க்க வருகிறவருக்கு எதற்கு இடைஞ்சல் என்ற எண்ணம்தான். அவர் போனதும் காய்ந்த உறையை எடுத்து மறுபடி போடுவாள். இதில் சொல்லவேண்டிய சங்கதி இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. டிவிக்கு உறை இருப்பதை யாராவது போய்ச் சொல்வார்களா?

ஞாயிறு சாயங்காலங்களில் மாமா கால்பந்து ஆடப் போய்விடுவார். ஒரு ஞாயிறு வியாசர்பாடியில் அவர் ஆட வேண்டிய பந்தயம் முதல் மழையில் நின்றுபோனது. அவர் சேறும் சகதியுமாக, சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறி வந்தார். திரையில் நைனா. மேசைக்குக் கீழே, மழைக்குப் பயந்த பிள்ளை மாதிரி, கழுத்துவரை காக்கியைப் போர்த்திக்கொண்டு பெட்டி. மாமா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

“இன்னாக்கா இது! பொட்டிக்கு ஸ்வெட்டர் போட்டு வுட்டுக்கீறே?”

“கரித்தூசி வுள்ள பூந்துட்டா கெட்டுப்பூடாதா?” என்றாள் அம்மா.

“தூசி பூந்தா நான் தொடச்சிக் குடுக்கறேன். காத்தே போவாம அடச்சி வெச்சா சூடு எங்க போவும்? கொதிக்கிது பாரு. அதான் வெந்துடாம இருக்க தானே நின்னுக்குது.”

திரைக்குள்ளிருந்து நைனா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். மாமா உறையை உருவி அலமாரி மேல் வீசினார். தன் வேலையில் குறையில்லை என்று நிரூபணமான பூரிப்பில் அன்றைக்கு வருகிற போகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று என் முறை வந்தது. பெட்டி நிற்கவில்லை. ஆனால் ஓட்டை இருந்த இடத்தில் புதுப் பற்கள் பாதி வளர்ந்து நின்றன. நைனா அதைப் பார்த்துவிட்டு, “அட, பாப்பாவுக்கு மொயல் பல்லு மொளச்சிகினு கீதே” என்றார். பிறகு திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். விழுந்தது எப்போது என்று கேட்டார்.

பேச்செல்லாம் தீர்ந்தது. நைனாவுக்கு அன்று அறையில் சமையல் முறை. “வெச்சிடட்டுமா?” என்றார். அம்மா, “ம்” என்றாள். அவர் வைக்கவில்லை. அம்மாவும் ஒன்றையும் அமுக்கவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். “அப்ப வெச்சிடறேன்” என்று அவர் மறுபடி சொல்ல, அம்மா மறுபடி தலையாட்ட, கடைசியில் அண்ணன்தான் பொறுமை இழந்து எட்டி அமுக்கினான். அம்மா துணி எடுத்து வருவதாகச் சொல்லி மொட்டைமாடிக்குப் போனாள். மழையில் கொடியில் துணியே இல்லை. வெகுநேரம் அவள் இறங்கி வரவில்லை.

அதற்குப் பின் சில ஞாயிறுகள் அப்படியே போயின. பிறகு அம்மா வரிசையை மாற்றினாள். முதலில் நான், அடுத்து அண்ணன், கடைசியில் அவள். எனக்கு வாயெல்லாம் பல். எங்கள் முறை முடிந்ததும் விளையாடப் போகச் சொல்லிவிடுவாள். திரும்பி வந்தால் திரை கறுத்திருக்கும். “மறுபடியும் நின்னுட்ச்சி” என்பாள், அரிசி களைந்துகொண்டே, கவலையே இல்லாமல்.

நான் ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன். அம்மா நைனாவிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே ஒரு கையால் மடியிலிருந்த காக்கி உறையை எடுத்து, குனியாமல், பார்க்காமல், பெட்டியின் மேல் மாட்டி இறக்கினாள். இழுத்து விட்டாள். பிறகு அந்தச் சட்டைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். ஏம்மா என்று பிறகு கேட்டேன். தூசி வருகிறது என்றாள்.

நான் நேராக மாமாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த முறை வந்தபோது ஸ்குரூ டிரைவர் கொண்டுவரவில்லை. படியில் கீழ் வீட்டு அக்கா மடக்கினாள். “இன்னாப்பா, பொட்டி திரும்பவும் மக்கர் பண்ணுதாமே?”

“ஆமாக்கா. நான்தான் சரியாப் பூட்டல” என்றார் மாமா.

கேரம் போர்டில் தோற்றால்கூடப் பலகை கோணல் என்று சொல்கிற மனிதர் அவர். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் தலையில் கையை வைத்து அழுத்தியபடி படியேறினார்.

இன்று நானும் வெளியூரில்தான் இருக்கிறேன். நைனா திரும்பி வந்துவிட்டார், அம்மாவோடு வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். வாரக் கடைசியில் நான் போனில் பேசி முடித்து, வைக்கட்டுமா என்று கேட்டால் அம்மா பதிலே சொல்ல மாட்டாள். எனக்கும் விரல் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் போக மறுக்கும். ஏர்போர்ட்டில் நைனாவை ஒரு தடவை வழியனுப்பியவள், வாரா வாரம் கூடத்தில் உட்கார்ந்து அதையே திரும்பச் செய்ய முடியாமல்தான் அந்த வேலையைப் பெட்டியிடம் விட்டிருந்தாள் என்பது அப்படி உட்கார்ந்திருக்கும்போது எனக்குத் தெரிகிறது. அந்த வயதில் தெரியவில்லை. மாமா நல்ல பெட்டிக்கு ஏன் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார் என்றுதான் ஆத்திரப்பட்டேன். அம்மா சொன்ன தூசியை அப்படியே நம்பினேன். அன்று வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மழைநாளில் கரித்தூசி பறக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.