வெறும் கித்தான்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாவலில் வரும் களவாணிக்கு என்னைப் போலவே மாறுகண் இருந்ததால், போலீஸ் என்னையும் சேர்த்துப் பிடிக்கும் என்று நம்பினேன்.

எழுதியவன் என் சிநேகிதன். செங்கல்பட்டில் என் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தான். எழுதாத நேரத்தில் கித்தானில் படம் வரைவான். தர்மகர்த்தா ஒருவர் மாறுகண் களவாணி ஒருவனை வைத்துச் சாமி நகையை அமுக்குவதாக எழுதினான், ஊர் கொதித்தது. புத்தகத்தைப் பிரித்தே பார்க்காத பயல்கள்தான் அதிகம் கொதித்தார்கள். பஜாரில் போட்டுக் கொளுத்தினார்கள். கேஸும் போட்டார்கள். விசாரணைக்காகப் பட்டணம் புறப்பட்டவன் ஒன்பது படங்களை என்னிடம் விட்டுப்போனான்.

"பத்திரம் மச்சான். நாவல திரும்ப அச்சடிச்சிக்கலாம். இதுங்களுக்கு நகல் கெடையாது."

ஒன்பதில் ஒன்று நான், மாறுகண்ணோடு.

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே காக்கிச் சட்டைகள். வீரன் நான் என்ன செய்தேன்? மாடிக்கு ஓடிப் படங்களைச் சட்டத்திலிருந்து பிய்த்துச் சுருட்டினேன். பின்பக்கச் சந்தில், திருவிடந்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்த கருவாட்டு வண்டியில் திணித்தேன். வண்டிக்காரர் மீன்பிடிக்கிறவர், பழக்கமானவர்.

"இன்னா அண்ணாத்த இது?"

"கித்தான்யா. வெறும் கித்தான்."

"கலர் கலரா கீதே?"

"அழுக்கு. வூட்ல வெச்சிரு, அப்பால வரேன்."

கடலோரத்தில் ஒருவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? பத்து நாள் கழித்துப் போனேன். ஒன்பதையும் ஒன்றாகத் தைத்து, இருபுறமும் தார் பூசி, கருவாட்டுக் குவியலை மூடியிருந்தார். பெருமை தாங்காமல் ஒரு குடம் தண்ணீரை மேலே கொட்டிக் காட்டினார்.

"சொட்டு எறங்குதா பாரு!"

இறங்கவில்லை.

கேஸ் தள்ளுபடியாகித் திரும்பியவனிடம் சொன்னேன். என் மூஞ்சியையே உற்றுப் பார்த்தான். பிறகு, "ஒன் மூஞ்சில ஊரு தார் பூசறதுக்கு முந்தி நீயே பூசிக்கினியா?" என்றான். அதற்குப் பிறகு தூரிகையைத் தொடவில்லை. இரண்டு வருஷத்தில் செத்தும் போய்விட்டான்.

போன மாதம் அவனுக்கு நினைவுக் கூட்டமாம், நானும் போயிருந்தேன். தலைமை, அன்றைக்குத் தீப்பெட்டி கொண்டுவந்த அதே மகானுபாவர். "அவருடைய ஓவியம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லையே" என்று கைக்குட்டையை வேறு எடுத்தார். எழுந்து நாலு வார்த்தை நாறடிக்கலாம் என்று நாக்கு துடித்தது. ஆனால் இவர்கள் கொளுத்திய நாவல் மூன்றாம் பதிப்பாக மேஜைமேல் இருந்தது. நான் காப்பாற்றியதுதான் இல்லை. அவன் போட்டோவுக்கு வாங்கிப்போன மாலையில் ஒரு பூவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஜீப்பில் வந்தவர்கள் அம்மை குத்துகிற சுகாதார ஆட்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் பிற்பாடு சொன்னார். டயருக்குக் காற்றடிக்கப் பம்ப் கேட்டு நின்றிருக்கிறார்கள். கடையில் ஆள் இல்லை என்று போய்விட்டார்கள்.